பைக்கு வைத்த பொட்டு

தையலை எண்ணுகிறாளா, சும்மா பார்க்கிறாளா, தெரியவில்லை. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, நகைக்கடைக்காரர்கள் வைரம் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு என் பையை ஓரம் ஓரமாகப் பார்க்கிறாள் இந்தப் பொண்ணு. பழைய பைகளை வாங்கி விற்கிற கடை இது, ஷெரின் என்று பேர் சொன்னாள். என் மகனைவிட இளையவளாகத்தான் இருப்பாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க வருகிறவள் மாட்டுகிற மாதிரி கையில் வெள்ளை உறை மாட்டியிருக்கிறாள். "உக்காருங்க ஆன்ட்டி, கொஞ்ச நேரம் ஆகும். காபி சாப்பிடறீங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன். வேண்டும் போலத்தான் இருந்தது, திருச்செங்கோட்டிலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் ஏசி காற்றில் வந்த தொண்டை காய்ந்து கிடக்கிறது, ஆனால் யார் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என் பழக்கம். இன்றைக்குக் காலையில் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் அந்தச் சொல் வரவில்லை. இடது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்காரர் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்சு வாங்கி, "அந்தப் பைய... வித்துரு அம்மிணி. இன்னும்... கொறையறதுக்குள்ள." நான் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். வேண்டாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். "செரிங்" என்றுதான் வாயில் வந்தது. அப்புறம் அவர், நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்துக் கிளம்பி, இப்போது கீழே காரில் உட்கார்ந்திருக்கிறார். இந்த மாடிக்கு லிப்ட் இல்லை. டிரைவர் ஏசியை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அவர் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தான் வைத்த பொட்டால்தான் பெண்டாட்டியின் பைக்கு விலை போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். எத்தனையோ வருஷமாக அதைத்தான் நினைக்கிறார். அதை அவர் மனசில் ஏற்றியது நான்தான், வேறு யாருமில்லை. ஒரு தடவை கோபத்தில் சொல்லி விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சொல்லிச் சொல்லி ஏற்றினேன். இந்தப் பொண்ணு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், கறையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை ஆன்ட்டி என்று, அதை அப்படியே கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுவேன். அவருக்குக் கேட்கும்போதே, அவருக்குப் புரியும்போதே. இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் பேச்சு முழுசாகப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிட்டு வெளியே வந்து டிரைவரிடம் டீ குடிச்சியா என்று விசாரித்த மனுஷன் அவர். அவரிடம் நான் மன்னிப்பென்று கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை, அதற்கென்று வார்த்தை இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கடைக்காரி சொன்னாள் என்று ஆரம்பித்தால் சுலபமாக இருக்கும்.

பாரீஸிலிருந்து வாங்கி வந்தார் இதை. பாரீஸைப் பார்க்கவென்று போகவில்லை. எங்கள் ரிக் லாரி ஒன்று அப்போது கானா நாட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் லாரி எங்கேதான் போகவில்லை? அங்கே போய்விட்டுத் திரும்பும்போது பாரீஸில் விமானம் தவறி, ஒரு நாள் தங்கவேண்டியதாகி, மனுஷன் போர் போட்ட சேறு காயாத செருப்போடு கடைவீதியில் நடந்திருக்கிறார். ஒரு கடை வாசலில் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்களாம். "இத்தன பேரு நிக்கறாங்களே, ரேசன்ல நல்ல அரிசி போட்டாத்தான நம்மூர்ல இப்படி நிப்பாங்க, அப்படீன்னு நானும் நின்னுட்டேன் அம்மிணி" என்று சொல்லிச் சிரித்தார். விலையைச் சொன்னதும் எனக்கு உட்கார்ந்த இடம் ஆடிவிட்டது. அந்தக் காசுக்கு ஒரு தோட்டத்தில் குழாய் இறக்கி முழுசாக ஒரு போர் போட்டுவிடலாம். பழுப்புத் தோல், முன்னால் ஒன்றுக்குள் ஒன்று பின்னின மூன்று வளையம். கம்பெனிப் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை, வீட்டில் மூணு வளையம் என்றுதான் சொல்வோம். அதை மாட்டிக்கொண்டு முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, ரெக்ஸினுங்களா?" என்றாள். எனக்கு ரசம் இறங்கவில்லை. ஒரு போர் போடுகிற காசைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு ஆளுக்குத் தெரியவில்லையே. எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். நன்றாக நினைத்தேன்.

தெரிந்துகொண்டார்கள். எவளோ ஒரு நடிகை விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு நடந்தாளாம், அது எல்லோர் போனிலும் வந்தது. அப்புறம் ஈரோட்டு ஜவுளிக்கடை வீட்டு மருமகள், அப்புறம் நூல் மில் வீட்டில் மாமியாருக்கொன்று மருமகளுக்கொன்று. மண்டபத்தில் நான் நுழைந்தால் முகத்தைப் பார்க்கும் முன்னால் தோளைப் பார்த்தார்கள். அந்த இரண்டு மூன்று வருஷம் எனக்கு உச்சி குளிர்ந்து கிடந்தது, பொய் சொல்வானேன். என் நாத்தனார் புஷ்பவேணிதான் முதலில் சொன்னாள், "நங்கை, அது பவுனாட்டம் ஏறுதாமா. ஆர்டர் குடுத்துட்டுக் காத்துக் கெடக்கறாங்களாமா. பழசே புதுசு வெலைக்கு மேல போகுதாமா." அன்றையிலிருந்து காலையில் தங்கம் விலை பார்த்ததும் பை விலை பார்ப்பேன். போனில் அதற்கென்றே இடம் இருக்கிறது, யார் யாரோ விற்கிறார்கள், யார் யாரோ வாங்குகிறார்கள். விலை ஏற ஏற பை தோளுக்கு வருவது குறைந்தது. வெயிலில் கொண்டுபோனால் நிறம் வெளுக்கும், மழையில் கொண்டுபோனால் புள்ளி விழும், பந்தியில் கீழே வைத்தால் மூலை தேயும். துணி உறைக்குள் போட்டு, பீரோவில் பட்டுச்சேலைக்கு மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். அவருக்கு அது புரியவே இல்லை. "எடுத்துட்டுப் போ அம்மிணி, மாட்டறதுக்குத்தான வாங்குனது" என்பார். "ஏறட்டுமுங்க" என்பேன். கழுத்தில் கிடக்கிற சங்கிலியும் ஏறத்தான் செய்கிறது, அதைப் பூட்டியா வைத்தேன்? இதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

ஷெரின் பையைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்க்கிறாள். உள்ளே கையை விட்டுத் துணியைத் தடவுகிறாள்.  இன்னும் முன்பக்கம் வரவில்லை. வருவாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒரு வரிசை முழுக்க மூணு வளையம், எல்லாம் அதே பழுப்பு. விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இத்தனை பேர் விற்றிருக்கிறார்களா? இதில் ஒன்று அந்த நூல் மில் மாமியாருடையதாக இருந்தாலும் இருக்கும், கேட்டால் லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறது என்பாள். விலை எப்போது திரும்பியது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கம்பெனிக்காரன் நிறையச் செய்து விட ஆரம்பித்தான் என்று புஷ்பவேணி சொன்னாள். அதற்குள் கிராஸ்கட் ரோடு நடைபாதையில் போலி வந்தாயிற்று, துணி வாங்க வருகிற பெண்களெல்லாம் பேரம் பேசி மாட்டிக்கொண்டு போனார்கள். சங்ககிரியில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையிலேயே மூணு வளையம் அச்சடித்திருந்தார்கள். உள்ளே தேங்காய், வெற்றிலை, ஒரு மைசூர்பாகு. தோளில் அசலும் கையில் தாம்பூலமுமாக மண்டப வாசலில் கார் வருவதற்கு நின்றுகொண்டிருந்தேன். முன்னேபின்னே தெரியாத ஒருத்தி வந்து என் தோளில் கிடந்ததை இழுத்துப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் பெரிய பை குடுத்துட்டாங்ளாக்கும்? மாப்பிள்ள ஊட்டுச் சனமுங்களா?" என்றாள். அவர் காருக்குள் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, "உங்க பொட்டு இல்லாம இருந்திருந்தா அன்னிக்கே நல்ல வெலைக்குத் தள்ளியிருப்பேன்" என்றேன். சிரிப்பு நின்றது.

அந்தப் பொட்டு. விலை ஏறிக்கொண்டிருந்த வருஷம் அது, ஆயுத பூஜை. வடக்கே போன லாரிகளெல்லாம் வீட்டுக்கு வந்து, கழுவி, வாழைக்கன்று கட்டி, வாசலில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் ஸ்ரீ கோகிலா போர்வெல்ஸ் என்று என் பெயர். அவர் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகக் காலையிலிருந்து சுற்றுவார். டயர், ஸ்டியரிங், துளைபோடுகிற குழாய், சுத்தியல், ஸ்பேனர், மகனுடைய கணக்குப் புத்தகம், தையல் மிஷின், பிரிட்ஜ், மிக்ஸி, எதையும் விடமாட்டார். மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் மோதிர விரலால் குங்குமம். நான் சமையல்கட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் சாமி படத்துக்கு முன்னால், சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில், என் பை. பீரோச் சாவியை எடுத்துத் திறந்திருக்கிறார். மூன்று வளையத்துக்குக் கீழே சந்தனம் ஈரமாக மின்னுகிறது, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எல்லாத்துக்கும் வெச்சாச்சு. உன்ற ஆயுதத்துக்கு வெக்க வேண்டாமா?" என்றார். லாரிக்காரப் பையன்கள் சிரித்தார்கள். அவர் என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தார். தன் லாரிக்குச் செய்கிற மரியாதையை என் பைக்கும் செய்தார், அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன்? "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? இதென்ன லாரியா? மண்ணுல ஓட்ட போடற ஆளுக்கு இதோட அருமை என்ன தெரியும்?" வாயில் பொரியோடு அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். அவர் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு, "போச்சாது அம்மிணி, விடு, தொடச்சாப் போயிரும்" என்றார். போகாது என்று கத்தினேன். ஈரத்துணியால் தேய்த்தேன், சந்தனம் போனது, சிவப்பு அப்படியே நின்றது. நெற்றியில் பிடித்த குங்குமத்துக்குத் தேங்காய் எண்ணெய்தானே தடவுவோம், எண்ணெயைப் போட்டுத் தேய்த்தேன். பொட்டைச் சுற்றிலும் கருத்துப்போனது. பூசணிக்காய் உடைக்க என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

மண்ணில் ஓட்டை போடுகிற ஆள். அந்த ஓட்டையில் வந்த காசில்தான் நான் பட்டுக் கட்டிக்கொண்டு நின்றேன். இதை யாரிடமாவது சொன்னால் அதெல்லாம் புருஷன் பெண்டாட்டிக்குள் சகஜம் என்பார்கள். சகஜம்தான். அடுத்த வருஷம் அவர் சந்தனக் கிண்ணத்தோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "மிக்ஸிக்கு வெக்கலாமா?" என்று கேட்டாரே, அதுதான் சகஜம் இல்லை. முதலில் கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். கேலி இல்லை. தன் வீட்டில், தன் காசில் வாங்கின மிக்ஸிக்கு என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறார். "வையுங்க, இதையெல்லாமா கேக்கறது" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன். அதற்கடுத்த வருஷம் என் ஸ்கூட்டிக்குக் கேட்டார். அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டு லாரிகளோடு நிறுத்திக்கொண்டார். என் சாமானுக்கெல்லாம் நானே வைத்துக்கொண்டேன், என்னவோ என் உரிமையை மீட்டுக்கொண்ட மாதிரி. இந்த வருஷப் பூஜைக்கு வலது கை மடியில் கிடந்தது, மகன்தான் லாரிக்கெல்லாம் வைத்தான். அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். மகன் கிண்ணத்தை அவரிடம் நீட்டி, "ஒண்ணுக்காச்சும் வையுங்கப்பா" என்றான். இடது கையை எடுத்தார், அப்புறம் மடக்கிக்கொண்டார். இடது கையால் எப்படிப் பொட்டு வைப்பார்? நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வலது கையைப் பிடித்து, விரலைக் குங்குமத்தில் தோய்த்து, நானே தூக்கி வைக்கச் செய்திருக்கலாமே என்று ராத்திரி படுக்கும்போது தோன்றியது. எனக்கு எல்லாமே படுக்கும்போதுதான் தோன்றும்.

"ஆன்ட்டி." ஷெரின் கூப்பிடுகிறாள். எழுந்து போனேன். பை மேஜைமேல் முகம் காட்டி நிற்கிறது. "ஒரிஜினல்தான் ஆன்ட்டி, டவுட்டே இல்ல. ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க, யூஸே பண்ணல போல" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். விலையைத் தாளில் எழுதித் திருப்பிக் காட்டினாள். வாங்கின விலையில் பாதிகூட இல்லை. எனக்கு வருத்தம் வரும் என்று நினைத்துக் காத்திருந்தேன், வரவில்லை. "கறையிருக்குதே, அதனாலயா இவ்வளவு கொறைஞ்சுது?" என்று கேட்டேன்.  "இல்ல ஆன்ட்டி, அது ஒரு விஷயமே இல்ல. இந்த மாடல் இப்ப எல்லார்கிட்டயும் இருக்குது. எல்லாரும் ஒண்ணா வாங்குனாங்க, இப்ப எல்லாரும் ஒண்ணா விக்கறாங்க. நாலஞ்சு வருசம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா கறையோடயே எடுத்திருப்போம், வாங்குன விலைக்கு மேலயே தந்திருப்போம்." கறையோடேயே. அப்படியென்றால் நல்ல விலை இருந்த காலத்திலும் பொட்டு தடுக்கவில்லை. விற்காமல் இருந்தது நான்தான், இன்னும் ஏறட்டும் என்று பேராசைப்பட்டதும் நான்தான். ஏறாமல் போனதும் பழியை எடுத்து அவர்மேல் போட்டேன்.  மேஜையைப் பிடித்துக்கொண்டு அந்த மங்கின சிவப்பைப் பார்த்தேன். மோதிர விரல் அகலம். ஓரத்தில் ரேகை பதிந்த மாதிரிகூட இருந்தது, இத்தனை வருஷம் விலையைப் பார்த்தேனே தவிர அதை நான் பார்த்ததே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும், அவர் கேட்டால் மனசு வரலீங்க என்று சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பொண்ணு ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து எதையோ பஞ்சில் நனைத்து, ரொம்ப மெதுவாக, ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள்.

போய்விட்டது. ஒரே துடைப்பு. பஞ்சில் இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "பாருங்க ஆன்ட்டி, குங்குமம் சும்மா மேலாப்லதான் இருந்துச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டாள். அப்புறம் பையை வெளிச்சத்தில் சாய்த்து, "இந்தக் கருப்பு வட்டம்தான் போகாது. இது எண்ணெய். தோலுக்குள்ள இறங்கிருச்சு. யாரோ எண்ணெய் போட்டுத் தேச்சிருக்காங்க ஆன்ட்டி" என்றாள். யாரோ. ஆமாம் என்றேன். கையெழுத்துக் கேட்டாள், போட்டேன். இனி எதை எடுத்துக்கொண்டு போவது? என்னுடைய எண்ணெயையா? படியிறங்கும் முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அலமாரியில் மற்றதுகளோடு வைத்துவிட்டாள். எது நேற்றுவரை என் பீரோவில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கார்க் கதவைத் திறந்ததும் அவர் என் கையைப் பார்த்தார், வெறும் கை. "குடுத்துட்டியா?" என்றார். "குடுத்துட்டேனுங்." பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. ரேஸ் கோர்ஸ் மரநிழலெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. "பொட்டுனால... எத்தன... கொறச்சாங்க?" என்று கேட்டார். அதைக் கேட்பதற்காகவே அத்தனை நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் மடியில் கிடந்த வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்ப்பான், பார்க்கட்டும். "பொட்டுனால ஒண்ணுமே கொறைக்கலீங்க. அது ஒரு விஷயமே இல்லீன்னுட்டாங்க. எல்லாத்துகிட்டயும் அதே பை இருக்குதாமா, அதனாலதான் வெலை போச்சாமா. நல்ல வெலையிருந்தப்ப நான் குடுக்காம வெச்சிருந்ததுதான் தப்பு. உங்கமேல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தான் சும்மா சும்மா உங்களையே சொல்லிட்டேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். புரிந்ததா இல்லையா என்று எனக்கு அடித்துக்கொண்டது. சிக்னலில் வண்டி நின்றபோது மெதுவாக என் பக்கம் திரும்பினார், வாயின் நல்ல பக்கம் மேலே ஏறியது. "அப்ப... அத்தன பையில... உன்றது எதுன்னு... தெரியறதுக்கு... நான் வெச்சது... ஒண்ணுதான்... இருந்துச்சு."  தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இருக்குதா... இன்னும்?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன். "எத்தன தொடச்சும் போகலீங்க."